ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால்

நான் கணக்கு வாத்தியார் இல்லை. புதுச்சேரி அரசில் 38 வருஷம் எழுத்தராக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் கணக்குப் பிரிவில் கழிந்தது. ரொக்கப் புத்தகம், பேரேடு, பட்டியல், மாதக் கடைசியில் தொகை ஒத்துவராமல் இரவு எட்டு மணி வரை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணிதம். ஓய்வு பெற்ற பிறகு எப்படியோ தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சாயங்காலம் நோட்டோடு முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவேன். இது டியூஷன் இல்லை, காசு வாங்குவதில்லை. பாதிப் பேர் என் மனைவி கொடுக்கும் முறுக்குக்காக வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

பேரன் பேத்திகளின் கணக்கு நோட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பயன்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆபீஸ் சமாசாரம் ஒன்று. ரொக்கப் புத்தகமும் பேரேடும் ஒத்துவரவில்லை என்றால், புதிதாக வேலைக்கு வந்த பையன் முதல் வரியிலிருந்து மறுபடி கூட்ட ஆரம்பிப்பான். பழைய ஆள் அப்படிச் செய்ய மாட்டார். வித்தியாசம் எவ்வளவு என்று கேட்பார். 63 ரூபாய் என்றால் உடனே ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுவார். 81 என்பதை 18 என்று எழுதியிருப்பான். 450 என்பதை 540 என்று எழுதினால் வித்தியாசம் 90, அதுவும் ஒன்பதால் வகுபடும். பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். ஆக, தப்பே வந்து “என்னை இங்கே தேடு” என்று சொல்லும். திட்டுவதற்கு முன்னால் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். நான் வேலையில் கற்றது இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிள்ளைகளின் நோட்டிலும் அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் எதிர்ச் சந்தில் ஒரு குடும்பம் குடிவந்தது. அம்மா, ஏழு வயதுப் பெண், ஒரு பாட்டி. அந்த அம்மாவுக்கு ஜவுளிக் கடையில் வேலை, வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். குழந்தையை ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். பெயர் வேண்டாம், பாப்பா என்றே எழுதுகிறேன். நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம்: குழந்தைக்குக் கணக்கு ஏறவில்லை, இப்படியே போனால் இரண்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வேண்டியிருக்கும், எதற்கும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று. “மூளை வளர்ச்சி கம்மியா இருக்குமோன்னு பயமா இருக்கு ஐயா” என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. என் மனைவி உள்ளே கூட்டிப்போய் காபி கொடுத்தாள்.

நான் நோட்டைப் பார்த்தேன். கழித்தல் கணக்கு பத்து. ஆறில் சிவப்புப் பெருக்கல் குறி. கீழே ‘கவனக்குறைவு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

52-இல் 38 போனால் 26 என்று போட்டிருந்தாள். 43-இல் 17 போனால் 34. 61-இல் 25 போனால் 44. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஆறு தப்பும் ஒரே தப்பு. எட்டிலிருந்து இரண்டைக் கழித்து 6, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து 2. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். கடன் வாங்கத் தேவையில்லாத நாலு கணக்கும் சரி. கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு மாதிரி தப்பு வரும். இது அப்படி இல்லை. ஒரு விதியைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடிக்கும் பிள்ளை.

பாப்பாவைக் கூப்பிட்டேன். “இத எப்படிப் போட்ட? தாத்தாவுக்குச் சொல்லிக்கொடு” என்றேன். அவள் பயந்துகொண்டே சொன்னாள்: “பெருசுல இருந்துதான் சின்னத எடுக்கணும்னு மிஸ் சொன்னாங்க தாத்தா. எட்டு பெருசு, ரெண்டு சின்னது.”

பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் யாரோ நல்லெண்ணத்தோடு சொன்ன வாக்கியம் அது. 7-இல் 3 போக வேண்டும், 3-இல் 7 போகாது என்பதற்காகச் சொன்னது. ஒற்றை இலக்கத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. குழந்தை அதை இரண்டு இலக்கத்துக்கும் கொண்டு வந்துவிட்டாள். சொன்ன சொல்லைக் கேட்டு நடந்த குற்றத்துக்குத்தான் அந்த ஆறு சிவப்புக் குறியும்.

அந்த அம்மாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, டாக்டர் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் இந்த நோட்டில் மூளைக் குறைவு எதுவும் தெரியவில்லை என்றேன். இன்னொன்று எழுத்தர் புத்தி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்றது. 2019-இல் திருத்தம் வந்து, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் மட்டும், மறுதேர்வும் வைத்த பிறகு, நிறுத்தலாம் என்று ஆயிற்று. இரண்டாம் வகுப்புக்கு அதெல்லாம் கிடையாது. “இனிமே கூப்பிட்டுச் சொன்னாங்கன்னா, அத எழுத்துல குடுங்கன்னு மரியாதையாக் கேளும்மா” என்றேன். கேட்டாளாம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. 38 வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ‘எழுத்தில் கொடுங்கள்’ என்பதற்கு இருக்கும் பலம் கோபத்துக்குக் கிடையாது.

ஆனால் சட்டத்தால் கழித்தல் வந்துவிடாதே. டிசம்பரிலிருந்து பாப்பா தினமும் ஐந்தரைக்கு வந்தாள், முக்கால் மணி நேரம்.

முதல் வாரம் நோட்டைத் திறக்கவே விடவில்லை. நூறு வரைக்கும் ஆங்கிலத்தில் பாட்டு மாதிரி சொன்னாள், ஒரு தடங்கல் இல்லை. ஒரு தட்டில் புளியங்கொட்டை 17 போட்டு எண்ணச் சொன்னேன். எண்ணினாள், சரி. இன்னும் மூன்று போட்டு “இப்ப எத்தனை?” என்றேன். மறுபடி ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணினாள். எத்தனை தடவை கேட்டாலும் அப்படியே. 17 என்பது அவளுக்குப் பாட்டில் வரும் ஒரு சொல். அது கையில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு அளவாக ஆகவில்லை.

இதற்கு என் மனைவி ஒரு வழி செய்தாள். எண்ணி முடித்த 17-ஐயும் கொட்டாங்குச்சியால் மூடிவிட்டாள். “உள்ள பதினேழு இருக்கு. வெளிய மூணு. எல்லாம் எத்தனை?” பாப்பா கொட்டாங்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்து எண்ண வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்து கொட்டாங்குச்சியைத் தொட்டு “பதினேழு” என்றாள், பிறகு வெளியே இருந்ததைத் தொட்டுத் தொட்டு “பதினெட்டு, பத்தொன்பது, இருபது” என்றாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ‘உங்க பேரேட்டை எடுத்து வைங்க’ என்று இருந்தது.

கவனித்தீர்களா, பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது, யோசித்தபோது தமிழில் வந்தது.

இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், 1962-இல் சட்டப்படி இணைப்பு முடியும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இங்கே பிரெஞ்சுப் பள்ளிகள் நடந்தன என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வீட்டில் எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துக்கூட வராது. பள்ளியில் முசே பிரெஞ்சைத் தவிர வேறு சொல் பேசவிடமாட்டார். அந்த மொழியின் எண்கள் இருக்கிறதே, அறுபது வரைக்கும் ஒழுங்காகப் போகும். எழுபது வந்ததும் ‘சுவாசாந்த் தீஸ்’, அதாவது அறுபதும் பத்தும். எண்பது ‘கத்ர் வேன்’, நாலு இருபது. தொண்ணூற்றொன்பது ‘கத்ர் வேன் தீஸ் நெஃப்’, நாலு இருபதும் பத்தும் ஒன்பதும்! பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ‘செப்தாந்த்’, ‘நோனாந்த்’ என்று நேர்சொல் வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

‘சுவாசாந்த் தூஸ்’ என்று முசே சொல்வார், 72. எங்கள் வகுப்பில் 60 எழுதி அதன் பக்கத்திலேயே 12 எழுதி 6012 என்று காட்டுவான் ஒருவன். ‘கத்ர்’ என்று காதில் விழுந்ததும் 4 எழுதிவிட்டு, ‘வேன்’ வந்ததும் 20 எழுதி, 420 என்று காட்டுவான் இன்னொருவன். இரண்டு பேருக்கும் விரல் நுனியில் ரூல்தடி விழும். நான் தப்பித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. முசே பிரெஞ்சில் சொன்னதை மனசுக்குள் தமிழில் ‘எழுபத்திரண்டு’ என்று சொல்லிக்கொண்டுதான் எழுதுவேன். தமிழில் கூட்டி, தமிழில் கழித்து, விடையை மட்டும் பிரெஞ்சில் சொல்வேன். உதடு அசையக்கூடாது, அசைந்தால் மாட்டிக்கொள்வோம். இன்றைக்கும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான் எனக்கு. பிரெஞ்சில் சொல்லச் சொன்னால் ஒரு நொடி தாமதமாகும்.

அந்தப் பள்ளியைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சிலேட்டு, ‘அர்துவாஸ்’ என்போம். முசே மனக்கணக்கு ஒன்றைச் சொல்வார், யாரும் எழுதக்கூடாது, யோசிக்க வேண்டும். மேசையில் தட்டியதும் எல்லோரும் விடையை எழுத வேண்டும். இன்னொரு தட்டலுக்கு எல்லோரும் சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். லியோன் நகரத்துப் பள்ளி ஒன்றின் பெயரால் இதை லா மார்த்தினியேர் முறை என்பார்கள். முந்திரிக்கொட்டைப் பையன் கத்திவிட்டு மற்றவர்கள் சும்மா இருப்பது இதில் நடக்காது. நாற்பது சிலேட்டில் எது தப்பு என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ரூல்தடியை விட்டுவிட்டு சிலேட்டை மட்டும் என் திண்ணைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது எழுதி அழிக்கும் வெள்ளைப் பலகை வந்துவிட்டது. ஐந்து வாங்கி வைத்தேன்.

பாப்பாவுக்கு அவள் மிஸ் எண் சொல்லி எழுதச் சொன்னால் 15-க்கும் 50-க்கும் குழப்பம், 13-க்கும் 30-க்கும் குழப்பம். ஆங்கிலத்தில் அந்த ஜோடிகள் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழுகின்றன. நான் அவளுக்குத் தமிழில் காட்டினேன். பதினைந்து: பத்து முன்னால் நிற்கிறது, பின்னால் ஐந்து. ஐம்பது: ஐந்து முன்னால், பத்து பின்னால். “பத்து முன்னாடி வந்தா, பத்தும் அதோட அஞ்சும். பத்து பின்னாடி வந்தா, அஞ்சு பத்து.” பதிமூன்று, முப்பது. பதினாறு, அறுபது. கூட்டலும் பெருக்கலும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் வரும் சொற்களில் பத்து என்பது காதில் விழவே விழாது. பிரெஞ்சில் பதினாறு வரைக்கும் அதே கதை. தமிழில் பதினொன்றிலேயே பத்து வந்து நிற்கிறது. நம் பாட்டன் பூட்டன் சும்மா பெயர் வைக்கவில்லை.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், தமிழிலும் ஒரு இடத்தில் குழி இருக்கிறது. எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்துவிட்டு, ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஒரு படி தாவிவிடும். தொண்ணூறில் ‘நூறு’ கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ கேட்கிறது. தொள்ளாயிரத்து ஐந்து என்றால் நாலாம் வகுப்புப் பையன்கூட 9005 எழுதுகிறான். திட்டாதீர்கள், அவன் காது சரியாகத்தான் இருக்கிறது. அதே மாதிரி நூற்றைந்து என்றால் 1005. நூறை எழுதினான், பக்கத்தில் ஐந்தை எழுதினான், 6012 எழுதிய என் சிநேகிதனின் பேரன் அவன்! இதற்கு நூறு ரூபாய்த் தாளின் மேல் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்துக் காட்டினால் போதும். ஐந்து போய் அந்த வலது பக்கத்துச் சுழியின் மேல் உட்காருகிறது.

“வீட்ல இங்கிலீஷ்லயே பேசணும்னு மிஸ் சொல்றாங்க ஐயா, தமிழ்ல சொல்லிக்குடுத்தா குழம்பிடும்னு” என்று அந்த அம்மா ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் என் கதையைத்தான் சொன்னேன். யோசிப்பது எந்த மொழியில் வருகிறதோ அதில் யோசிக்கட்டும், எழுதுவது எண்ணாகத்தானே எழுதப் போகிறாள், 14 என்பதற்கு ஆங்கில 14 தமிழ் 14 என்று இரண்டு கிடையாதே என்றேன். பெயர்களை ஆங்கிலத்தில் சொல்ல வைப்பது ஒரு மாத வேலை. அளவு மனசில் ஏறாமல் போனால் அது பத்து வருஷத்துக்கும் இழுக்கும்.

சரி, கழித்தலுக்கு வருகிறேன்.

தென்னந் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, விரல் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். எங்கள் பள்ளியிலும் இப்படி மரக்குச்சிக் கட்டு இருந்தது, ‘புஷெத்’ என்பார்கள். கடையில் ப்ளாஸ்டிக்கில் விற்கிறார்கள், வேண்டாம். பிள்ளையே எண்ணி, பிள்ளையே கட்ட வேண்டும். பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்து ஆவது கண்ணெதிரே நடக்க வேண்டும். பாப்பா இருபது கட்டுக் கட்டினாள், ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றில் பதினொன்று இருந்தது. அதை அவளே கண்டுபிடித்துப் பிரித்தாள்.

52 எடுத்து வை என்றேன். ஐந்து கட்டு, இரண்டு குச்சி. “இதுல முப்பத்தெட்டு எனக்குக் குடு.” மூன்று கட்டைக் கொடுத்தாள். எட்டு குச்சி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. கையை நீட்டியபடியே நான் காத்திருந்தேன். இந்த இடத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. நம்மால் முடியாத காரியம் அதுதான், நாக்கு நுனியில் விடை நிற்கும். பாப்பா இரண்டு குச்சியையும் கொடுத்துவிட்டு “பாக்கி நாளைக்குத் தரேன்” என்றாள். கடைக்காரர் பேத்தியாக இருக்க வேண்டும். “இல்ல, இன்னைக்கே வேணும்” என்றேன். மீதி இருந்த இரண்டு கட்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இத அவுக்கட்டுமா?” என்றாள்.

அவிழ்த்தாள். இன்னும் ஆறு குச்சி எண்ணிக் கொடுத்தாள். தரையில் ஒரு கட்டும் நாலு குச்சியும் கிடந்தன. “பதினாலு” என்றாள். நோட்டில் 26 என்று இருந்ததைக் காட்டினேன். “அது தப்பு. குச்சி சரி” என்றாள்.

அதற்குப் பிறகும் நோட்டில் மூன்று நாலு வாரம் பழைய பழக்கம் வந்து வந்து போனது. ஒரு நாளில் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குச்சியில் சரியாகச் செய்வாள், நோட்டை எடுத்ததும் 26 போடுவாள். குச்சி வேறு, நோட்டு வேறு என்று இருந்தது அவளுக்கு. அதனால் ஒரு கட்டை அவிழ்த்ததும் நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுது, 2-க்குப் பக்கத்தில் ஒன்று போட்டு 12 ஆக்கு என்று ஒவ்வொரு அசைவையும் கையோடு எழுத வைத்தேன். நாம் ‘கடன் வாங்குவது’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. வாங்கிய கடனை யார் எப்போது திருப்பிக் கொடுத்தார்கள்? சில்லறை மாற்றுவது என்றால் பிள்ளைக்குப் புரிகிறது.

சில்லறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் சின்ன வயதில் கணக்குக் கற்றது பள்ளியில் பாதி, பெட்டிக்கடையில் பாதி. அம்மா ஒரு ரூபாய் கொடுத்து அனுப்புவாள், மீதியைச் சரியாகக் கொண்டுவராவிட்டால் வீட்டுக்குள் நுழைய முடியாது. இன்றைக்கு எங்கள் தெரு முனையில் கீரை விற்கும் அம்மாவிடமும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அதில் தப்பில்லை, அவர்களுக்குச் சௌகரியம். ஆனால் குழந்தையின் கண்ணில் பணம் கைமாறுவது படவே இல்லை, டிங் என்று ஒரு சத்தம்தான். ஆகவே பாப்பா கையில் காசைக் கொடுத்துக் கீரைக்காரம்மாவிடம் அனுப்பினேன். அந்த அம்மா மீதி கொடுக்கும் விதமே அழகு. கழிக்கவே மாட்டார். 38 ரூபாய்க்கு வாங்கி 52 ரூபாய் கொடுத்தால், “முப்பத்தெட்டு, ரெண்டு போட்டா நாப்பது, பத்து போட்டா அம்பது, இன்னொரு ரெண்டு அம்பத்திரண்டு” என்று உங்கள் கையில் வைத்துக்கொண்டே வருவார். வைத்ததைக் கூட்டிப் பாருங்கள், 14. படிக்காத அம்மா, இதற்குள் கழித்தல் பூராவும் இருக்கிறது. பாப்பா இதை உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது நோட்டில் போட்ட விடையை இப்படித்தான் சரிபார்க்கிறாள்.

கூட்டலிலும் ஒரு சிக்கல் இருந்தது. 27-உம் 15-உம் 312 என்று எழுதுவாள். ஏழும் ஐந்தும் 12, அதை அப்படியே கீழே; இரண்டும் ஒன்றும் 3, அதைப் பக்கத்தில். “உங்கிட்ட இருபத்தேழு ரூபா இருக்கு, பாட்டி பதினைஞ்சு ரூபா குடுத்தாங்க. முன்னூத்திப் பன்னண்டு ரூபா ஆயிடுச்சா?” என்றேன். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். “அவ்ளோ எல்லாம் இல்ல தாத்தா! நாப்பத்திரண்டுதான்.” காகிதமே இல்லாமல்! ஆக, தெரியாமல் இல்லை. நோட்டில் எழுதும்போது அது ரூபாயாகவோ குச்சியாகவோ இல்லை, வெறும் கோடும் வளைவும். விடை எழுதும் முன்னால் ‘ஏறக்குறைய எவ்வளவு வரும்?’ என்று கேட்கப் பழக்கினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

விரல் விட்டு எண்ணலாமா என்று பல பேர் கேட்கிறார்கள். தாராளமாக எண்ணட்டும் என்பது என் அபிப்பிராயம். எங்கள் வகுப்பில் விரல் எண்ணினால் அடி விழும். அதனால் பெஞ்சுக்குக் கீழே கால் விரலை மடக்கி எண்ணினோம், செருப்பில்லாத காலம், யார் பார்ப்பது? விரலை விடச் சொல்லித் தடை போட வேண்டாம், வேலை வேகமாகும்போது விரல் தானாகவே நின்றுவிடும். பல்லாங்குழியும் தாயமும் எடுத்து ஆட வையுங்கள். குழிக்கு ஐந்து போட்டால் 14 குழிக்கு எழுபது முத்து. ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ள வேண்டும், எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, பார்த்தவுடன் நாலு என்று தெரிந்தாக வேண்டும். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைச் செய்யாது.

வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டும். அதில் எனக்கு நவீனக் கருத்து எதுவும் கிடையாது. மளிகைக் கடை முட்டை அட்டை ஒன்றை முதலில் காட்டுங்கள்: ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, 30. அட்டையைத் திருப்பினால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து, அதே 30. வாய்ப்பாட்டில் ஏறக்குறைய பாதி அப்படியே குறைந்துவிட்டது என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பாருங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லும்போது மட்டும் எனக்கு ஒரு சங்கடம். பிரெஞ்சு முறையில் வகுக்கும் எண் வலது பக்கம் மேலே, ஈவு அதற்குக் கீழே. கை தானாக அப்படிப் போட்டுவிடும். “தாத்தா மாத்திப் போடறாரு” என்று கத்துவார்கள். இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டி, விடை ஒன்றுதான் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆண்டுத் தேர்வில் பாப்பா தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. கழித்தலில் ஏழுக்கு ஆறு சரி. வாக்கியக் கணக்கில் இரண்டு போயிற்று, ஆங்கில வாக்கியம் புரியவில்லை. அந்த ஜூனில் அவள் அம்மா குழந்தையை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளே முடிவெடுத்தாள். ‘எம்புள்ளைய ஒரு மாதிரியாப் பாத்த எடத்துல வேணாம் ஐயா’ என்றாள். மிச்சமான ஃபீஸ் பணத்தில் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள்.

பாப்பா இப்போது நாலாம் வகுப்பு. போன மாதம் 402-இல் 137 கழிக்கச் சொன்னால் நடுவில் இருக்கும் சுழியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். சில்லறை மாற்றலாம் என்று பத்தின் இடத்துக்குப் போனால் அங்கே ஒன்றுமே இல்லை. நூறை நேராக ஒன்றுகளாக உடைக்கவும் பயம். குச்சியெல்லாம் எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே பார்த்து என் மனைவியிடம் கேட்டாள்:

“பாட்டி, நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாத் தாளாச் சில்லறை இருக்கா?”